கல்கத்தாவின் விஞ்ஞான மேடைகள்

கல்கத்தா என்றதும் நம் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது வணிகம். தென்கடற்கரை ஊர்களிலிருந்து அங்கு சென்று கடை வைத்தவர்களும், கணக்கெழுதி ஊர் திரும்பியவர்களும் நம்மிடையே உண்டு. ஜகரியா தெருவும் நாகூதா பள்ளிவாசலும் அவர்கள் சொல்லக் கேட்டே நமக்குப் பழகிப்போன பெயர்கள். ஆனால் அதே நகரத்தில், மாலை வேளையில் அலுவல் முடிந்து வீடு திரும்பும் குமாஸ்தாவும் மாணவனும் வைத்தியரும் ஒரு கூடத்தில் அமர்ந்து, மின்சாரம் என்றால் என்ன, ஒளி எவ்வாறு வளைகிறது என்று கேட்டறிந்த காலம் ஒன்று இருந்தது. அக்கூட்டங்களின் கதையை நம்மவர் அதிகம் பேசியதில்லை. அக்கதையின் முதல் அத்தியாயத்தை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்பதையும் நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

நவாப் அப்துல் லத்தீப் 1828இல் கிழக்கு வங்கத்துப் பரீத்பூர்ப் பகுதியில் பிறந்தவர். கல்கத்தா மதரஸாவில் பயின்று அங்கேயே சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். 1849இல் உதவி மாஜிஸ்திரேட் பதவி ஏற்றார். 1853இல் அவர் செய்த ஒரு காரியம் அவருடைய உள்ளத்தை நமக்குக் காட்டுகிறது. முஸ்லிம் மாணவர்க்கு ஆங்கிலவழிக் கல்வியால் விளையும் நன்மை யாது என்பது பற்றிப் பாரசீக மொழியில் சிறந்த கட்டுரை எழுதுவோர்க்குத் தம் கைப்பொருளிலிருந்து நூறு ரூபாய் பரிசு அறிவித்தார். ஆங்கிலக் கல்வியைப் பற்றிய கேள்வியைப் பாரசீகத்தில் கேட்ட சாதுரியத்தைக் கவனியுங்கள். எவருடைய மனம் மாற வேண்டுமோ அவருடைய மொழியிலேயே அவர் பேச விரும்பினார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1863 ஏப்ரலில், கல்கத்தாவின் தால்தலாப் பகுதியில் இருந்த தம் இல்லத்தில் முஹம்மதிய இலக்கியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இலக்கியம் என்பது பெயரளவில்தான். மாதந்தோறும் கூடிய அவ்வவையில் உருதுவிலும் பாரசீகத்திலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. வரலாறும் சட்டமும் பேசப்பட்டதுபோலவே இயற்கை விஞ்ஞானமும் பேசப்பட்டது. தலைப்பாகை அணிந்த ஆலிம்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் மைசூர், அயோத்தி அரச குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த நகரத்துப் பெருங்குடியினரும் ஒரே விரிப்பில் அமர்ந்து கேட்கும் நிலையை அவர் உருவாக்கினார். 1857இன் கலகம் ஓய்ந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சியாளர் முஸ்லிம்களை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. ஆங்கிலேயரிடமிருந்து வந்த எதையும் தொடுவதா வேண்டாமா என்று முஸ்லிம்களும் மயங்கிநின்ற காலம். இந்த இரு தயக்கங்களுக்கும் இடையிலேதான் தால்தலாவின் விளக்கு ஏற்றப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் அந்த அவைக்கு வடமேற்கு மாகாணத்திலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். காஜிப்பூரில் நீதித்துறைப் பதவி வகித்த அவர் பாரசீகத்தில் உரையாற்றினார். நாட்டுப்பற்றும், இந்தியாவில் அறிவைப் பரப்ப வேண்டிய அவசியமும் அவருடைய பொருள்கள். அவர்தாம் ஸர் ஸையித் அஹ்மத் கான். கல்கத்தாவிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1864 ஜனவரியில், காஜிப்பூரில் தம் விஞ்ஞானச் சங்கத்தை அவர் நிறுவினார். அச்சங்கம் அவ்வாண்டிலேயே அலிகருக்கு இடம் பெயர்ந்தது. ஆங்கில நூல்களை உருதுவில் ஆக்கியது. 1866 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தியது. அலிகரின் பெரும்புகழ் தால்தலாவின் சிறு கூடத்தை மறைத்துவிட்டது. மாணவன் ஆசிரியனை மறைப்பது உலக வழக்கந்தானே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் இவ்விருவரும் ஆசிரியரும் மாணவரும் அல்லர்; ஒரே திசையில் நடந்த இரு வழிப்போக்கர்.

அப்துல் லத்தீபின் சங்கம் ஆண்டுக்கொரு முறை கல்கத்தாவின் டவுன் ஹாலில் ஒரு பெருவிழா எடுத்தது. வைஸ்ராய்களும் நீதிபதிகளும் நவாபுகளும் ராஜாக்களும் கூடிய அவ்விழாக்களில் விருந்தும் உபசாரமும் மட்டும் இருக்கவில்லை. மண்டபத்தில் புதிய கருவிகள் வைக்கப்பட்டன. மின்சாரச் சோதனைகள் செய்து காட்டப்பட்டன. தந்தியும் நீராவியும் நகரத்தில் வந்துவிட்டிருந்தாலும், அவற்றின் உள்ளே நிகழ்வது என்ன என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அக்காலத்து மக்களுக்கு வேறு எங்கே கிடைத்தது?

இங்கே நாம் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். இத்தனை சிறப்பாகத் தொடங்கிய இம்முயற்சியிலிருந்து ஒரு விஞ்ஞானியேனும் தோன்றியதாக வரலாறு ஏன் கூறவில்லை? மார்க்கம் தடுத்தது என்று சொல்வோர் உண்டு. அது பொருந்தாத வாதம். ஆலிம்கள் அந்த அவையில் அமர்ந்திருந்தார்கள். மேலும், உக்லைதிஸின் வடிவ கணிதமும் வானநூலும் மதரஸாக்களில் பன்னூறு ஆண்டுகளாக ஓதப்பட்டவையே. காரணம் வேறு. அந்தச் சங்கம் காட்டியது, கையில் கொடுக்கவில்லை. விழா முடிந்ததும் கருவிகள் மூட்டை கட்டப்பட்டு வந்த இடத்துக்கே திரும்பின. கூடத்தின் பின்புறம் ஒரு சோதனைச் சாலை இல்லை. வியந்த இளைஞன் மறுநாள் எங்கே போவான்?

இரண்டாவது காரணம் மொழி. பாரசீகத்திலும் உருதுவிலும் பேசியது மேற்குடியினரை எட்டியது உண்மை. ஆனால் வங்கத்து முஸ்லிம்களில் ஆகப் பெரும்பாலோர் உழவர்கள். அவர்கள் வீட்டில் பேசியது வங்காளி. 1882இன் கல்விக் குழுவின் முன் சாட்சியம் கூறிய அப்துல் லத்தீப், மேல்தட்டினர்க்கும் நடுத்தட்டினர்க்கும் உருதுவும் கீழ்த்தட்டினர்க்கு வங்காளியும் ஏற்றவை என்று கருத்துரைத்தார். தாய்மொழித் தமிழிலேயே மார்க்க நூல்களையும் காவியங்களையும் படைத்துப் பழகிய நமக்கு இப்பாகுபாடு விந்தையாகப்படும். அவருடைய காலத்தையும் சூழலையும் கருதி அவரை நாம் மன்னிக்கலாம். அதனால் விளைந்த இழப்பை மட்டும் குறைத்துச் சொல்லுதல் ஆகாது.

இனி பௌபஜாருக்கு வருவோம். அங்கே இக்கதையின் இரண்டாம் நாயகர் நமக்காகக் காத்திருக்கிறார்.

மகேந்திரலால் சர்க்கார் 1833இல் ஹவுராவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து கல்கத்தாவில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். மருத்துவக் கல்லூரியில் பயின்று 1863இல் எம்.டி. பட்டம் பெற்றார். அப்பட்டம் பெற்றோரில் அவர் இரண்டாமவர். நகரத்தின் தலைசிறந்த டாக்டர்களுள் ஒருவராக வளர்ந்துகொண்டிருந்த அவர், 1867இல் வைத்தியர்களின் கூட்டமொன்றில் எழுந்து, ஹோமியோபதியில் தமக்கு நம்பிக்கை பிறந்துவிட்டதென அறிவித்தார். சக டாக்டர்கள் அவரை ஒதுக்கிவைத்தனர், நோயாளிகளும் குறைந்தனர். ஹோமியோபதியைப் பற்றி விஞ்ஞானம் பின்னர் கூறிய தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆனால் தாம் கண்டதாக நம்பியதைச் சபையறியச் சொல்லி, அதற்கான விலையையும் கொடுத்த மனிதர் அவர். அந்தப் பிடிவாதமே பின்னர் அவருக்குத் துணை நின்றது.

1869இல் தம் மருத்துவ மாத இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்கள் தாமே விஞ்ஞானத்தைப் பயில்வதற்கு ஒரு தேசிய நிலையம் வேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டு அதற்கான வேண்டுகோளைப் பத்திரிகையில் வெளியிட்டார். அவர் மனத்தில் இருந்த மாதிரி இலண்டனில் 1799இல் தோன்றிய ராயல் இன்ஸ்டிடியூஷன். அங்கே மேல்தளத்தில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவும் கீழ்த்தளத்தில் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. புத்தகம் தைக்கும் தொழில் பழகிய மைக்கேல் பாரடே என்ற ஏழை இளைஞர் 1812இல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டோடு அந்தக் கூடத்தில் நுழைந்தார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்துத் தாமே தைத்து, பின்னர் அதை டேவிக்கே அனுப்பி, மறு ஆண்டில் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்த வரலாறு உலகறிந்தது. கேட்க வந்தவன் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் செல்ல ஒரு படிக்கட்டு அங்கே இருந்தது. தால்தலாவில் இல்லாதது அந்தப் படிக்கட்டே.

சர்க்காரின் வேண்டுகோளுக்குப் பணம் மெல்லவே சேர்ந்தது. எதிர்ப்பும் எழுந்தது. நாட்டுக்கு இப்போது தேவை தொழிற்கல்விக்கூடம். நெசவும் கம்மியத்தொழிலும் கற்பிக்காமல் ஒளியையும் ஒலியையும் பற்றிப் பேசி என்ன பயன் என்று இந்தியன் லீக் என்ற அமைப்பினர் வாதிட்டனர். மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ரிச்சர்ட் டெம்பிளும் அப்பக்கம் சாய்ந்தார். பசித்தவனுக்கு முதலில் சோறு என்ற அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் சர்க்கார் பக்கம் ஒருவர் துணிந்து நின்றார். பெல்ஜியத்திலிருந்து 1865இல் கல்கத்தா வந்து, செயின்ட் சேவியர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த லாஃபோன் பாதிரியார் அவர். இந்தியர்களைப் பிறர் வகுத்த இயந்திரத்தை ஓட்டும் கைவினைஞராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், இயற்கையின் விதிகளை ஆராயும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்பது அவருடைய நிலை. ஓர் ஐரோப்பியர் இவ்வாறு பேசியது சபையில் எடுபட்டது.

1876 ஜூலை 29ஆம் நாள் பௌபஜார் தெரு 210ஆம் எண் இல்லத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் திறக்கப்பட்டது. அதன் நிர்வாகம் முழுவதும் இந்தியர் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில் சர்க்கார் உறுதியாக இருந்தார்.

லாஃபோன் அங்கே பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பேசினார். அவருடைய சொற்பொழிவுக்குக் கூட்டம் சேர்ந்தது. மாய விளக்கின் ஒளியில் திரையில் படங்களைக் காட்டுவார். எடிசன் 1877இல் கண்டுபிடித்த பேசும் இயந்திரத்தைக் கல்கத்தா மக்களுக்கு விரைவிலேயே அறிமுகம் செய்தவரும் அவரே. 1867 நவம்பரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலைத் தம் கருவிகளின் துணைகொண்டு முன்கூட்டியே எச்சரித்தவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. சர்க்கார் தாமும் பௌதிகம் பேசினார். தாராபிரசன்ன ராய் ரசாயனமும், பிரமதநாத போஸ் மண்ணியலும், பின்னாளில் நீதிபதியாகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி உயர்கணிதமும் பேசினர். கருவிகள் வாங்கக் காளிகிருஷ்ண தாகூரும் சோதனைச் சாலை கட்ட விஜயநகரம் மகாராஜாவும் பொருள் வழங்கினர். ஆக, படிக்கட்டும் கீழ்த்தளமும் ஆயத்தமாகிவிட்டன. இறங்கிவருவோர் மட்டும் இல்லை.

ஏன்? சர்க்கார் கேட்டது ஆராய்ச்சிக்கென்றே வாழும் பேராசிரியர்களை அமர்த்துவதற்கான நிலையான நிதி. அது வரவே இல்லை. மாலையில் வந்து கேட்ட மாணவர்களோ பரீட்சைக்குப் பயன்படும் அளவில் கேட்டுவிட்டு வக்கீல் தொழிலையும் சர்க்கார் உத்தியோகத்தையும் நாடிச் சென்றனர். சோதனைச் சாலையில் தூசி படிந்தது. திருமணத்துக்கும் சடங்குக்கும் பல்லாயிரம் செலவிடும் செல்வர்கள் இதற்கு ஏன் கொடுப்பதில்லை என்று சர்க்கார் ஆண்டுதோறும் குமைந்தார். (இக்கேள்வி நமக்கும் சுருக்கென்று தைக்கிறது, மேலே செல்வோம்.) 1904 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் கண்மூடியபோது, தம் வாழ்நாள் முயற்சி தோற்றுவிட்டது என்ற எண்ணத்தோடுதான் கண்மூடினார்.

இதற்கிடையில் டவுன் ஹாலில் இன்னொரு காட்சி நிகழ்ந்திருந்தது. லாஃபோனிடம் பயின்ற ஜகதீச சந்திர போஸ் 1895இல் அங்கே, லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையில், கம்பியில்லாமல் மின்னலைகளைச் சுவர்களுக்கு ஊடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அப்துல் லத்தீப் பிறர் செய்த கருவிகளைக் காட்சிக்கு வைத்த அதே மண்டபத்தில் ஓர் இந்தியர் தாமே உருவாக்கிய கருவியை இயக்கினார். அதைக் காண அப்துல் லத்தீப் இல்லை. 1893இலேயே அவர் மறைந்துவிட்டார். 1897 ஜனவரியில் போஸ், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமை மேடையிலேயே ஏறிப் பேசினார். அந்த மேடையைக் கல்கத்தாவில் நாட்ட விரும்பிய சர்க்கார் அச்செய்தியைக் கேட்க உயிருடன் இருந்தார் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

1907ஆம் ஆண்டு. திருச்சியை அடுத்த திருவானைக்காவில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. ராமன் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை. ஒருநாள் டிராம் வண்டியில் செல்லுகையில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர். எல்லோரும் அவரை ஆசு பாபு என்பார்கள். அவர் ராமனைச் சங்கத்தின் செயலாளரான அமிர்தலால் சர்க்காரிடம் அழைத்துச் சென்றார். அமிர்தலால் மகேந்திரலாலின் மைந்தர். தந்தை காத்திருந்த மனிதரை மகன் வரவேற்றார். சாவி ராமன் கைக்கு வந்தது.

பகலில் கணக்கு அலுவலகம், விடியற்காலையிலும் மாலையிலும் சோதனைச் சாலை என்று பத்தாண்டுகள் உழைத்தார் ராமன். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோதும் மனம் பௌபஜாரிலேயே இருந்தது. சர்க்கார் எழுப்பிய கூடத்தில் ராமனும் பொதுமக்களுக்குப் பேசினார். அவர் பேச்சில் பகட்டில்லை, ஆனால் வீணையும் மிருதங்கமும் எழுப்பும் ஒலியின் சூத்திரத்தை விளக்கும்போது கேட்போர் அசைவதில்லை என்பார்கள். 1917இல் அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அமிர்தலால் 1919இல் மறைந்ததும் சங்கச் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற கே. எஸ். கிருஷ்ணன் அவரோடு சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அந்தச் சோதனைச் சாலையில் கண்டறியப்பட்ட ஒளிச்சிதறல் விளைவு ராமனுக்கு 1930இல் நோபல் பரிசைக் கொணர்ந்தது. சொற்பொழிவுக் கூடத்துக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த அந்த அறைகளிலிருந்துதான்!

ராமனைப் பற்றி எழுதியோர் பலர். நமக்கோ கதவைத் திறந்த ஆசு பாபுவின்மீதும் ஒரு கண். அவர் பல்கலைக்கழக வாசலை மிதியாதவர். கருவிகளைத் துடைத்து, இணைத்து, பழுது பார்த்து, அவற்றோடேயே வாழ்ந்தவர். ராமனுக்கு வலக்கையாகி, பின் தம் பெயரில் மட்டும் எழுதிய ஒரு கட்டுரையை இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் காணும் பேறு பெற்றார். பாரடேயின் கதை கல்கத்தாவில் எவரிடத்தில் பலித்தது என்று கேட்டால் நாம் தயங்காமல் இவரையே சுட்டுவோம்.

மொழியின் கேள்வி இன்னும் நிற்கிறதே என்று வாசகர் கேட்கலாம். பௌபஜாரின் மேடை ஆங்கிலம் பேசிற்று. தால்தலா பாரசீகத்தில் செய்த பிழையைப் பௌபஜார் ஆங்கிலத்தில் செய்தது என்றே நாம் கருதுகிறோம். 1917 நவம்பர் 30ஆம் நாள் தம் ஆய்வு நிலையத்தைத் திறந்த ஜகதீச சந்திர போஸ், இனம், மொழி, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோர்க்கும் அங்கே அறிவு வழங்கப்பட வேண்டும் என்றார். அதற்கெனப் பெரிய சொற்பொழிவு மண்டபத்தையும் கட்டினார். 1948இல் சத்யேந்திரநாத் போஸ் வங்க விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவி வங்காளியிலேயே விஞ்ஞானம் பேசவும் எழுதவும் வழி செய்தார். இந்த வரிசையில் முஹம்மது குத்ரதே குதாவின் பெயரை நாம் விட்டுவிடலாகாது. பீர்பூம் மாவட்டத்தில் பிறந்து, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ரசாயனம் கற்று, இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்று, அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பிய அவர், உழவன் வீட்டுப் பிள்ளைக்கும் புரியும் வங்காளியில் விஞ்ஞானம் எழுதினார். பிரிவினைக்குப் பின் டாக்கா சென்று 1977இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். 1882இல் அப்துல் லத்தீப் வகுத்த தட்டுகளை ஒரு முஸ்லிம் விஞ்ஞானியே அழித்தார்.

பௌபஜார் தெருவின் பெயர் பின்னர் பிபின் பிஹாரி கங்கூலி தெரு என்று மாறியது. சங்கம் நகரின் தெற்கே ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்து அங்கே பெரிய ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. ராமன் கதவைத் தட்டிய பழைய கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. 210ஆம் எண் மனையில் இப்போது நிற்பது ஒரு வணிகக் கல்லூரி.